ஆராய்ந்து முடியாதவரைத் துதிப்பது: கேள்வி பதில்

துதியைப் பற்றியும் கல்வியின் எல்லையைப் பற்றியும் நீங்கள் கேட்டவற்றை எல்லாம் நிதானமாக வாசித்தேன். நான் போதகர் அல்லேன். எபிரெய மொழியையும் சங்கீதப் புத்தகத்தையும் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே என் பதில்கள் பெரும்பாலும் சங்கீதங்களைச் சுற்றியே வரும். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, தேவன் எதற்காக நம்முடைய துதியை எதிர்பார்க்கிறார்? புகழ்ச்சிக்கு ஏங்குகிற மனிதனை நாம் மதிப்பதில்லையே?

இதற்கு 50-ஆம் சங்கீதம் நேராகவே பதில் சொல்லுகிறது. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகள்" என்று தேவன் அங்கே பேசுகிறார். அதற்கு இரண்டு வசனங்கள் தள்ளி, அதே சங்கீதத்தில்தான் ஸ்தோத்திரபலியைக் கேட்கிறார். அவரிடம் ஏதோ ஒரு குறை இருப்பதுபோலவும் நம் துதி அதை நிரப்புவதுபோலவும் எண்ணுவதற்கு அங்கே இடமே இல்லை. முகஸ்துதி, இல்லாததை உண்டென்று சொல்லி ஒன்றைப் பெற்றுக்கொள்ளப் பார்க்கிறது. துதியோ, உள்ளதைக் கண்டு உள்ளதென்று ஒப்புக்கொள்ளுகிறது.

துதிக்காமற்போனால் நட்டம் யாருக்கு என்பதைப் பவுல் ரோமர் 1:21-இல் எழுதுகிறார். தேவனை அறிந்திருந்தும் அவரை மகிமைப்படுத்தாமலும் ஸ்தோத்திரியாமலும் இருந்தவர்கள் "தங்கள் சிந்தனைகளினாலே வீணரானார்கள்" என்பது அவர் வாக்கு. அந்த வரிசையைக் கவனியுங்கள். ஸ்தோத்திரம் முதலில் நின்றுபோகிறது. சிந்தனை அதற்குப் பிறகுதான் கெடுகிறது.

கேள்வி: நான் வேதாகமக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இறையியல் படிக்கத் தொடங்கிய பிறகு என் ஜெபம் வறண்டுவிட்டது. "அறிவு இறுமாப்பை உண்டாக்கும் என்று வேதமே சொல்லுகிறது, இந்தப் படிப்பை விட்டுவிடு" என்கிறார் எங்கள் சபை மூப்பர் ஒருவர். விட்டுவிடலாமா?

விட வேண்டாம், தம்பி. உங்கள் மூப்பர் உங்கள்மேல் உள்ள அக்கறையினால்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த வசனத்தை அது நிற்கும் இடத்தில் வைத்தே வாசிக்க வேண்டும். விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவற்றைப் புசிக்கலாமா என்ற வழக்கில், சரியான விடையை அறிந்திருந்தவர்கள் அந்த அறிவைக் கொண்டே பலவீனமான சகோதரனை இடறச் செய்தார்கள். அவர்களுக்குத்தான் பவுல் 1 கொரிந்தியர் 8:1-ஐ எழுதினார். கல்லாமைக்கு அது நற்சான்றிதழ் ஆகாது. எழுதியவரோ யூதப் போதகரான கமாலியேலின் பாதத்தருகே படித்தவர். காவலில் இருந்துகொண்டு, வரும்போது புஸ்தகங்களையும் விசேஷமாய்த் தோற்சுருள்களையும் எடுத்துவரும்படி தீமோத்தேயுவுக்குச் சொல்லி அனுப்பியவர்.

ரோமர் நிருபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாக்குத்தத்தம் பெற்ற இஸ்ரவேல் ஏன் மேசியாவை ஏற்றுக்கொள்ளவில்லை என்ற கடினமான கேள்வியைப் பவுல் 9, 10, 11 ஆகிய மூன்று அதிகாரங்களில் தொடர்ந்து ஆராய்கிறார். தீர்க்கதரிசிகளை மேற்கோள் காட்டுகிறார், எதிர்வாதங்களைத் தாமே எழுப்பித் தாமே பதிலளிக்கிறார், ஒலிவமரத்தின் உவமையைக் கொண்டுவருகிறார். அவ்வளவு தூரம் நடந்த பிறகுதான், 11:33-இல், வாதம் துதியாகத் திரும்புகிறது: "ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்பவைகளின் ஆழம் எவ்வளவாயிருக்கிறது!" அந்த "ஆ" 9-ஆம் அதிகாரத்தின் முதல் வரியிலேயே வந்திருந்தால், அதைச் சோம்பலின் பெருமூச்சு என்று நான் எண்ணியிருப்பேன். அறிவு எட்டக்கூடிய தூரம்வரை நடந்தவர் விட்ட மூச்சு என்பதால்தான் அது நம்மையும் முழங்காலில் நிறுத்துகிறது.

உங்கள் வறட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் அதில் இருந்திருக்கிறேன். எபிரெய வினைச்சொற்களைப் பகுத்துப் பழகிய நாட்களில், ஒரு சங்கீதத்தை நாற்பது முறை திறந்துவிட்டு ஒரு முறைகூட ஜெபிக்காமல் மூடியிருக்கிறேன். அப்போது எனக்குக் கற்பித்த முதியவர் ஒருவர், "உன் குறிப்பேட்டில் எல்லாம் 'அவர்' என்றே இருக்கிறது, ஒவ்வொரு நாளும் கடைசி வரியை மட்டும் 'நீர்' என்று எழுதிப் பார்" என்றார். 23-ஆம் சங்கீதம் அப்படித்தான் நகருகிறது. புல்லுள்ள இடங்களில் "அவர்" மேய்க்கிறார், "அவர்" நடத்துகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்தவுடன் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று பேச்சு முன்னிலைக்கு மாறிவிடுகிறது. மிலான் நகரில் சொல்லணி ஆசிரியராக இருந்து 387-இல் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீன், தம் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய 13 புத்தகங்களையும் தேவனை நோக்கி "நீர்" என்று அழைத்தே எழுதினார். நேரமும் நினைவும் எவை என்பது போன்ற மிகக் கடினமான ஆராய்ச்சிகளும் அதற்குள் ஜெபமாகவே நடக்கின்றன. உங்கள் பாடக் குறிப்பின் கடைசி வரியை மாற்றிப் பாருங்கள், தம்பி. ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மாபெரும் இறையியலாளரான தோமா அக்வினாஸ், கடைசியில் தாம் எழுதியதெல்லாம் வைக்கோல் என்று சொல்லிவிட்டாராமே? அப்படியானால் அவ்வளவு படிப்பும் வீண்தானே?

அவர் சொன்னதாக மரபு காத்துவைத்திருக்கும் வாக்கியத்தில் பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளுகிறோம். 1273 டிசம்பர் 6 அன்று, நேப்பிள்ஸ் நகரில், திருப்பலி நிறைவேற்றிய பிறகு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருடைய பெரிய இறையியல் தொகுப்பின் மூன்றாம் பகுதி, மனஸ்தாபத்தின் திருவருட்சாதனத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. தொடர்ந்து எழுதும்படி அவருடைய உதவியாளர் ரெஜினால்ட் வற்புறுத்தியபோது, தாம் இப்போது கண்டவற்றோடு ஒப்பிட்டால், எழுதியவை எல்லாம் வைக்கோலாகத் தோன்றுவதாகச் சொன்னார் என்பதே செய்தி. மூன்று மாதங்கள் கழித்து, 1274 மார்ச் 7 அன்று, லியோன் நகரில் கூடவிருந்த திருச்சபைச் சங்கத்துக்குப் போகும் வழியில் ஃபொசனோவா மடத்தில் இறந்தார்.

"கண்டவற்றோடு ஒப்பிட்டால்" என்ற பகுதியைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எழுதியது பொய் என்றோ, அதை எரித்துவிடுங்கள் என்றோ அவர் சொல்லவில்லை. அதே தொகுப்பின் முதல் பகுதியிலேயே, தேவன் எப்படிப்பட்டவர் என்பதைவிட அவர் எப்படிப்பட்டவர் அல்லர் என்பதையே நம்மால் அறிய முடியும் என்று எழுதித்தான் அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். எல்லை இருக்கிறது என்று இளமையிலிருந்தே எழுதிவந்த ஒருவர், கடைசியில் அந்த எல்லையில் போய் நின்று வாயடைத்துப்போனார். வயலை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். நெல்மணியைத் தாங்கி நின்ற தாள்தான் அறுவடைக்குப் பின் வைக்கோல் என்று பெயர் பெறுகிறது.

கேள்வி: ஞானிகளுக்கு மறைத்துப் பாலகருக்கு வெளிப்படுத்தினதாக இயேசு சொன்னாரே (மத்தேயு 11:25). படிக்காதவர்களே மேலானவர்கள் என்று அர்த்தமா?

அப்படி அர்த்தம் இல்லை. பாலகன் பெறுகிறவன், தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று கையை மூடிக்கொள்ளாதவன். படித்தவரும் அப்படிப் பெறலாம், படிக்காதவரும் கையை மூடிக்கொள்ளலாம். அதைச் சொன்ன இயேசுவே பன்னிரண்டு வயதில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களை வினாவிக்கொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார்.

கேள்வி: பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். முன்னே அதிசயம் என்று எண்ணியவற்றுக்கெல்லாம் இப்போது காரணம் தெரிகிறது. அறிய அறிய, துதிக்கக் காரணம் குறைந்துகொண்டே போகாதா?

கேம்பிரிட்ஜில் 1874-இல் திறக்கப்பட்ட பழைய காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் வாசற்கதவில் ஒரு சங்கீத வசனம் லத்தீனில் செதுக்கப்பட்டிருக்கிறது. மின்காந்தக் கொள்கையைத் தந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அங்கே முதல் பேராசிரியர். அந்த வசனம் சங்கீதம் 111:2. நம்முடைய வேதாகமத்தில் அது, கர்த்தருடைய செய்கைகள் "அவைகளில் பிரியப்படுகிற எல்லாராலும் ஆராயப்படுகிறவைகள்" என்று வாசிக்கப்படுகிறது. கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்ளர், மூன்றாம் விதியை வெளியிட்ட 1619-ஆம் ஆண்டு நூலின் முடிவில் சிருஷ்டிகரைத் துதித்து நிறுத்தினார். காரணம் தெரிந்துவிட்டதால் அவருக்கு வாய் அடைக்கவில்லை.

இந்த வசனத்தோடு சங்கீதம் 145:3-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: "அவருடைய மகத்துவம் ஆராய்ந்து முடியாது." எபிரெயத்தில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஆனால் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் இரண்டு இடத்திலும் ஆராய்தல் என்ற ஒரே சொல்லை வைத்ததால், மூலத்தில் கண்ணுக்குப் படாத ஓர் உறவு நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. செய்கைகள் ஆராயப்படுகின்றன, செய்தவருடைய மகத்துவம் ஆராய்ந்து முடியாதது. ஆராயக்கூடாது என்ற தடை அங்கே இல்லை. எவ்வளவு ஆராய்ந்தாலும் மீதி இருக்கும் என்ற செய்திதான் இருக்கிறது. நமக்குத் தெரியாத இடைவெளிகளில் மட்டும் தேவனை வைத்துத் துதித்துவந்தால், நீங்கள் அஞ்சுவதுபோல அந்தத் துதி நாளுக்கு நாள் சுருங்கத்தான் செய்யும். அறிந்த விதிக்காகவே அவரைத் துதியுங்கள், ஐயா. அதை அறிந்து பிள்ளைகளுக்கு விளக்குகிறவர் நீங்கள்தானே.

கேள்வி: என் மகன் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்லுகிறார்கள். என்னால் முடியவில்லை. நான் விசுவாசத்தில் குறைந்துபோனேனா?

இல்லை, அம்மா. அந்த வசனம் எல்லாவற்றி*லேயும்* என்கிறது. எல்லாவற்றுக்*காகவும்* என்று அங்கே சொல்லப்படவில்லை. உங்கள் மகனின் மரணத்துக்காக நன்றி சொல்லும்படி தேவன் உங்களைக் கேட்கவில்லை.

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் சிறந்தது அதுதான். பிறகு வாயைத் திறந்தார்கள். அவர்கள் பேசியது எல்லாம் கற்ற இறையியல். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் நல்ல பிரசங்கங்களாகத் தோன்றும். ஆனாலும் புத்தகத்தின் முடிவில் தேவன் எலிப்பாசை நோக்கி, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கோபிக்கிறார். தேவனை நோக்கி முறையிட்டவர், வாதாடியவர், பிறந்த நாளைச் சபித்தவர் நிதானமாய்ப் பேசினவர் ஆகிறார். தேவனுக்காக வழக்காடியவர்களுக்கோ பலியும் யோபுவின் விண்ணப்பமும் தேவைப்படுகின்றன. கல்வியின் எல்லை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், ஒரு தாயின் துக்கத்துக்கு முன்னால் என்றுதான் சொல்லுவேன்.

இன்னொன்றும் சொல்லுகிறேன். முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த பேச்சு வாசகராகிய நமக்குத் தெரியும். யோபுவுக்கு அது கடைசிவரை சொல்லப்படவே இல்லை. தம்முடைய "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் பெறாமலேதான் அவர், "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன்; இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று சொன்னார். அந்த வார்த்தைக்கு வந்துசேர அவருக்கு நாற்பது அதிகாரங்கள் ஆயின. உங்களுக்கு எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. அதுவரை 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அதற்கு ஆறுதலான முடிவு கிடையாது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள். இருந்தும், "துதிகள்" என்று எபிரெயர் பெயரிட்ட புத்தகத்திலிருந்து அதை யாரும் நீக்கவில்லை.

கேள்வி: எங்கள் சபையில் சத்தமாகத் துதிக்காதவர்களுக்கு ஆவியில் குறைவு என்கிறார்கள். அமைதியாக இருப்பதும் துதி ஆகுமா?

ஆகும். சங்கீதம் 65:1-ஐ நாம் "சீயோனில் உமக்காகத் துதியானது அமைந்து காத்திருக்கிறது" என்று வாசிக்கிறோம். அங்கே எபிரெயத்தில் உள்ள "தூமியா" என்ற சொல்லுக்கு மௌனம் என்பது பொருள். எபிரெயத்திலிருந்து லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், உமக்கு மௌனமே துதி என்று அந்த வரியை அமைத்தார். அதே புத்தகம் 150-ஆம் சங்கீதத்தில் எக்காளத்தையும் தம்புருவையும் பேரோசையுள்ள கைத்தாளங்களையும் அழைக்கிறது. ஆகவே நீங்களும் சத்தமாகத் துதிக்கிறவரைக் குறைவாக எண்ணாதிருங்கள்.

கேள்வி: நாள்தோறும் துதிக்கப் பழக விரும்புகிறேன். பத்து நிமிடத்தில் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கே தொடங்குவது, ஐயா?

145-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள், சகோதரி. தலைப்பிலேயே "துதி" என்று பெயர் பெற்றிருக்கும் ஒரே சங்கீதம் அது. தாவீது அதை எபிரெய அகரவரிசையில் அமைத்திருக்கிறார். ஒவ்வொரு வசனமும் அடுத்த எழுத்தில் தொடங்குகிறது. குழந்தை முதன்முதலில் கற்கும் எழுத்துகளையே படிக்கட்டாக வைத்து, ஆராய்ந்து முடியாதவரை நோக்கி அவர் ஏறுகிறார். நீங்களும் ஒரு ஏட்டை எடுத்து, அ முதல் ஔ வரை, ஒவ்வொரு எழுத்திலும் தொடங்கும் ஒரு வரியைத் தேவனைப் பார்த்து எழுதுங்கள். எழுத்து முன்னே போகும்போது சொன்னதையே சொல்ல முடியாது. அந்த எழுத்துக்காகவே அவருடைய செய்கைகளில் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியிருக்கும்.

ஒரு எழுத்துக்கு வரி கிடைக்காவிட்டால் கலங்காதீர்கள். எபிரெயத்தில் 22 எழுத்துகள் உண்டு; ஆனால் நம் கைக்கு வந்த எபிரெய மூலத்தில் அந்தச் சங்கீதத்துக்கு 21 வசனங்களே உள்ளன. "நூன்" என்ற எழுத்துக்குரிய வரி அதில் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த வரி இருந்தது. 1956-இல் சாக்கடல் அருகே உள்ள கும்ரானின் 11-ஆம் குகையில் கண்டெடுக்கப்பட்ட சங்கீதச் சுருளில் எபிரெயத்திலும் கிடைத்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக அந்த மூலத்தை வாசித்தவர்கள், ஓர் எழுத்து குறைந்த அந்தத் துதியைத்தான் நாள்தோறும் சொல்லி வந்தார்கள். நீங்களும் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போங்கள்.