தாது வருடமும் பசிபிக் கடலும்

அன்புள்ள ஐயா,

தாது வருடப் பஞ்சத்துக்கு (1876-78) பசிபிக் கடல் சூடானதே காரணம் என்று இப்போது விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அப்படியானால் இத்தனை காலம் வெள்ளைக்காரனைத் திட்டியது வீண்பழிதானே?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

பசிபிக் கடல் இப்படிச் சூடாவதைத்தான் எல் நினோ என்கிறார்கள். அது வலுப்பெற்றது 1877இல்தான். அதற்கு முந்திய ஆண்டே இங்கே மழை பொய்த்துவிட்டது. கடல் செய்தது இரண்டாவது அடி: 1877இன் தென்மேற்குப் பருவமழையையும் கெடுத்து, பெல்லாரி, கர்நூல், கடப்பைச் சீமைகளை எழவிடாமல் செய்தது. அதே காலத்தில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் வறட்சியால் ஊர் ஊராக மடிந்தார்கள். (எல் நினோ ஆண்டில் நமது ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் நன்றாகவே பெய்யும். சொன்னால் யாரும் நம்புவதில்லை.)

ஆக, மழையைத் தடுத்ததில் கடலுக்குப் பங்கு உண்டு. ஆனால் சோற்றைத் தடுத்தது யார்? 1877 தொடக்கத்தில் மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. ரயிலும் இருந்தது. சந்தையில் சர்க்கார் தலையிடக் கூடாது என்ற கொள்கை அதைவிட உறுதியாக இருந்தது. விலை ஏறியது, வாங்கக் காசில்லாதவன் செத்தான்.

நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். ஆண் ஒருவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம், கூடவே ஓரணா. ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். வீட்டுத் தராசில் அந்த அளவு அரிசியை நிறுத்துப் பாருங்கள். இரண்டரை டம்ளர் வரும். அதை உண்டுவிட்டு வெயிலில் நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இது உயிர் தரிக்கப் போதாது என்று சண்டையே போட்டார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலியைக் கூட்டினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். மொத்தச் சாவுக் கணக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள்.

நீங்கள் சென்னைக்கு வந்தால் பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை போய்ப் பாருங்கள். கீழே கறுப்பாகத் தேங்கி நிற்கும் பக்கிங்காம் கால்வாயின் அந்தப் பகுதி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க 1877-78இல் பஞ்சக் கூலிக்கு வெட்டியது.