கூம்பாகும் கருவிழி: பிள்ளைக்கு வளையம் வைக்கலாமா?

திருகோணமலையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் தொழில். கத்தி பிடிப்பவன் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

நிலாவெளித் தாய்: மகனுக்கு 13 வயது. ஆறு மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினோம். இப்போது கெரட்டோகோனஸ் என்கிறார்கள். கண்ணில் வளையம் வைத்தால் சுகமாகிவிடுமா?

அக்கா, வளையம் வடிவத்தைத் திருத்தும். நோயை நிறுத்தாது. இந்த நோயில், கண்ணின் முன்னே கண்ணாடிபோல் இருக்கும், அரை மில்லிமீற்றர் அளவே தடிப்பான கருவிழி இன்னும் மெலிந்து கூம்பாக முன்னே தள்ளும். வளையம் என்பது பிறை வடிவப் பிளாஸ்டிக் துண்டு. கருவிழியின் தடிப்புக்குள்ளேயே சிறு சுரங்கம் போட்டுச் செருகுவார்கள். புடைத்து நிற்கும் பந்தல் துணியின் ஓரத்தில் கழி செருகினால் நடு இழுபட்டுத் தட்டையாகும் அல்லவா, அதுதான் கணக்கு. பிரான்சில் ஜோசப் கொலின் 1997 இல் இந்த நோய்க்கு அதைத் தொடங்கினார்.

நிறுத்துவதற்கு வேறு சிகிச்சை: குரொஸ்லிங்கிங். ரைபோஃபிளேவின் (விற்றமின் B2) சொட்டுவிட்டு புறஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்குவது. பிள்ளைகளுக்கு நோய் வேகமாக ஓடும், அதனால் முதலில் அதைக் கேளுங்கள். மகன் கண்ணைக் கசக்குகிறானா? இன்றே நிறுத்துங்கள். கண் கடிப்பதற்கு மருந்து இருக்கிறது.

தம்பலகாமம்: கசக்குவதால் இது வருமா?

தூண்டும், கூட்டும். கசக்கக் கூடாது.

மூதூர் ஆசிரியர்: குரொஸ்லிங்கிங்குக்கும் 18 வயது வரட்டுமே. கண்ணாடியைக் கழற்றும் லேசருக்கும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

சேர், அந்த லேசருக்குக் காத்திருப்பது கண்ணின் பவர் ஓரிடத்தில் நிற்பதற்காக. இங்கே காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கருவிழி மெலிகிறது. வழக்கமான குரொஸ்லிங்கிங் முறைக்கே 400 மைக்ரோன் (0.4 மில்லிமீற்றர்) தடிப்பு வேண்டும். 18 இல் வந்து அது இல்லையென்றால் என்ன செய்வது? அப்புறம், கெரட்டோகோனஸ் கண்ணுக்கு அந்த லேசரே ஆகாது.

மூதூர் ஆசிரியர் மீண்டும்: ஒன்றுக்கு அவசரம், வளையத்துக்கு மட்டும் நிதானமா? அது கழற்றக்கூடியது தானே?

நல்ல பிடி பிடித்தீர்கள். கழற்றலாம், உண்மை. ஆனால் கசக்கும் பிள்ளையின் கண்ணில் வளையம் நகரும், மேல்தோல் மெலிந்து வெளியே துருத்தும், கிருமி தொற்றும். செருகும் இடத்தில் சுமார் 450 மைக்ரோன் தடிப்பும் தேவை. அமெரிக்காவில் 2004 இல் கெரட்டோகோனஸுக்குக் கிடைத்த அனுமதியே 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். குரொஸ்லிங்கிங்குக்குப் பிறகு கூம்பு தானாகவே கொஞ்சம் தட்டையாவதும் உண்டு. கடினக் கொன்டக்ட் லென்ஸிலேயே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். லென்ஸ் கண்ணில் நிற்கவே மறுத்தால், அப்போது வளையத்தைப் பேசலாம். வளையத்தையும் குரொஸ்லிங்கிங்கையும் சேர்த்துச் செய்யும் வைத்தியர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை, பிள்ளையின் கண்ணைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அவர்கள்.

மூதூர் ஆசிரியர் மூன்றாம் முறை: ஆனாலும்...

சேர், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கிண்ணியா: பிளாஸ்டிக்குக்குப் பதில் மனிதத் திசு வைக்கிறார்களாமே?

ஆம் நானா, இது எனக்குப் பிடித்த விஷயம். தானமாகக் கிடைத்த கருவிழியிலிருந்து பிறைத்துண்டு வெட்டிச் செருகுவது. சென்னையின் சூசன் ஜேக்கப் அதை உருவாக்கி 2018 இல் வெளியிட்டார். பிளாஸ்டிக்கைப் போல் திசுவை உறுத்தாது என்பதால், மெலிந்த கண்ணுக்கும் யோசிக்க முடிகிறது. தானக் கருவிழிக்கு நம் நாடு பேர்போனது. ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தான சங்கம் வெளிநாடுகளுக்கே கருவிழி அனுப்பி வந்திருக்கிறது. முழுக் கருவிழி மாற்றுச் சத்திரசிகிச்சையோடு இதைக் குழப்பாதீர்கள். அது கடைசிப் படி.

உப்புவெளி: நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாமா?

வேண்டாம். தாய்ப்பாலும் வேண்டாம்.

சாம்பல்தீவு: என் மகனும் கண்ணைக் கசக்குகிறான். அதனால்...

மேலே இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

பெயர் சொல்லாதவர்: செலவு எவ்வளவு?

செய்கிற இடத்தில் கேளுங்கள்.

நிலாவெளித் தாய்: சின்ன மகளுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. அவளையும் காட்ட வேண்டுமா?

கட்டாயம். கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம். எழுத்துப் பலகையை வாசிப்பது போதாது, கருவிழியின் மேடுபள்ளத்தைப் படமெடுக்கும் டொபோகிராபி வேண்டும். அந்தப் படத்தை எறியாதீர்கள், அடுத்த படத்தோடு ஒப்பிட அது தேவைப்படும். அவள் கண்ணைக் கசக்குகிறாளா?