வெள்ளை சாக்லேட் சலாமே ஏன் இறுகவில்லை?

கேள்வி: வெள்ளை சாக்லேட், மேரி பிஸ்கட், பிஸ்தா, கிரான்பெர்ரி சேர்த்து இத்தாலியர்கள் செய்யும் ‘சலாமே’ என்ற இனிப்பை வீட்டில் செய்து பார்த்தேன். விலை கட்டுப்படியாகாததால் பாதி நல்ல வெள்ளை சாக்லேட், பாதி கடையில் எடை போட்டு விற்கும் வெள்ளை ஸ்லாப் என்று கலந்துவிட்டேன். மைக்ரோவேவில் இரண்டு நிமிஷம் உருக்கியதில் எண்ணெய் மிதந்தது. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும், வெளியே எடுத்த பத்தாவது நிமிஷம் களி மாதிரி குழைகிறது, வில்லை போட வரவில்லை. மே மாதம் மகளின் பிறந்தநாளுக்கு மறுபடி செய்ய வேண்டும். உலர்பழத்துக்குப் பதில் மாம்பழத் துண்டுகள் போடலாமா? நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. — ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை, அம்மா. அந்த ‘பாதி பாதி’தான் காரியத்தைக் கெடுத்தது.

முதலில் முட்டைக் கவலையை விட்டுவிடுங்கள். கோகோ போட்டுச் செய்யும் பழைய சலாமேயில்தான் பச்சை முட்டை சேர்ப்பார்கள். சிசிலியில் ‘சலாமே துர்கோ’ என்று பெயர் சொல்லிச் செய்வது அந்த வகை. வெள்ளை சாக்லேட்டில் செய்வது பிற்பாடு வந்த மாற்று. அதற்கு முட்டை தேவையே இல்லை. சலாமே என்றால் அங்கே பன்றி இறைச்சியில் செய்து பதப்படுத்திய உருளை. பார்க்க அதைப் போலவே இருக்கட்டும் என்று இனிப்பையும் உருளையாக உருட்டி, மேலே ஐசிங் சுகர் தூவி, நூல் கட்டி வைப்பார்கள். அந்த வெள்ளைத் தூள், இறைச்சி சலாமேயின் தோல் மேல் பூக்கும் வெள்ளைப் பூஞ்சணத்தை நினைவுபடுத்தத்தான். பெயரைக் கேட்டு வீட்டில் யாராவது முகம் சுளித்தால் இந்தக் கதையில் பாதியை மட்டும் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளை சாக்லேட்டை இறுக வைப்பது கோகோ பட்டர், அதாவது கோகோ கொட்டையின் கொழுப்பு. ஐரோப்பிய விதிப்படி அது குறைந்தது 20 சதவீதம் இருந்தால்தான் வெள்ளை சாக்லேட் என்று எழுத முடியும். நீங்கள் எடை போட்டு வாங்கிய ஸ்லாப் அநேகமாகக் காம்பவுண்ட், அதாவது கோகோ பட்டருக்குப் பதில் வேறு கொழுப்பு போட்ட சாக்லேட் மாதிரி. அதில் பெரும்பாலும் இருப்பது எண்ணெய்ப்பனைக் கொட்டையிலிருந்து (பாம் கெர்னல்) எடுத்து, ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கிய ‘ஹைட்ரஜனேட்டட்’ கொழுப்பு. இவை இரண்டும் தனித்தனியே இருக்கும்போது நன்றாக இறுகும். சேர்த்துவிட்டால் ஒன்றை இன்னொன்று கட்டியாக விடாது. இரண்டுமே தனியாக இருந்ததைவிடக் குறைந்த சூட்டிலேயே கலவை இளகிவிடும். அந்த வேதியியல் நமக்கு வேண்டாம். இரண்டும் ஒரே பாத்திரத்தில் சேரக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். மிச்சம் பிடிக்கப் போய் நல்ல சாக்லேட்டையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டீர்கள்.

இதைச் சொன்னால், ‘கடைக்காரர் சாக்லேட் என்றுதானே கொடுத்தார்’ என்பீர்கள். எடை போட்டுத் தரும் ஸ்லாபில் லேபிள் ஏது? பெரிய அட்டைப் பெட்டியில் வந்ததை உடைத்து, பாலிதீன் கவரில் போட்டு, ‘இம்போர்ட்டட் ஒயிட்’ என்று பேனாவால் எழுதி வைத்துவிடுகிறார்கள். ஒருநாள் சாக்லேட் வகுப்பு நடத்துகிறவர்களில் சிலர் இன்னும் மோசம். வகுப்புக்கும் காசு வாங்கி, முடிந்ததும் இரண்டு கிலோ காம்பவுண்டைத் தலையில் கட்டி அனுப்புகிறார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் மூன்று வருஷமாக அதைச் சாக்லேட் என்று நம்பி விற்றுக்கொண்டிருந்தார். அவர் மேல் என்ன தப்பு?

லேபிள் இருந்தாலும் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது நம் நாட்டுச் சட்டம், தமிழ் கட்டாயமில்லை. முன்பக்கம் பால் ஊற்றுகிற படம், பின்பக்கம் எறும்பெழுத்தில் உண்மை. இத்தாலி மட்டும் என்ன சாதித்தது? வேறு தாவரக் கொழுப்பு கலந்ததைச் ‘சாக்லேட் மாற்று’ என்று எழுதித்தான் விற்க வேண்டும் என்று அந்த நாடு பிடிவாதம் பிடித்தது. 2003-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்றது. போகட்டும், கலக்காததையாவது ‘சுத்தமான சாக்லேட்’ என்று தனியாக எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். 2010-ல் அதுவும் செல்லாது என்று தீர்ப்பு. 5 சதவீதம் வரை வேறு கொழுப்பு போடலாம், போட்டால் லேபிளில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என்பது அங்கே விதி. அப்படி அனுமதித்த ஆறு கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று! ஆக, நம்மை நாமேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பொருள்களின் பட்டியலில் கோகோ பட்டர் என்ற பெயரைத் தேடுங்கள். ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட், பாம் கெர்னல் என்று ஏதாவது கண்ணில் பட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

பிஸ்தாவிலும் இதே கூத்துதான். சீவி வைத்த ‘பிஸ்தா’ என்று பளிச்சென்ற பச்சையில் மலிவாகக் கிடைப்பது, சாயம் ஏற்றிய வேர்க்கடலையாக இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நாலைந்து போட்டுப் பாருங்கள், தண்ணீர் பச்சையானால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். சிசிலியில் எட்னா எரிமலைச் சரிவில் புரோந்தே என்ற ஊரில் விளையும் பிஸ்தாவுக்கு ஒரு மரகத நிறம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் அறுவடை, அதனால் விலையும் அப்படி. நமக்கு அது வேண்டாம். ஓட்டோடு முழுதாக விற்கும் உப்புப் போடாத பிஸ்தாவை வாங்கி நீங்களே உரியுங்கள். ஓட்டோடு இருப்பதில் யாரும் ஏமாற்ற முடியாது.

மாம்பழம் கூடாது. மாதுளை, திராட்சை, ஸ்ட்ராபெர்ரி எதுவுமே கூடாது. பாகு சொட்டும் டூட்டி ஃப்ரூட்டியும் வேண்டாம். உருகிய சாக்லேட்டில் துளி ஈரம் பட்டால் திரித்திரியாக இறுகி மண் மாதிரி ஆகிவிடும்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதில் குழம்பாதவர்களே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ‘சொட்டுத் தண்ணீர் ஆகாது என்கிறீர்கள், ஆனால் சாக்லேட்டில் க்ரீமைக் கால் டம்ளர் ஊற்றுகிறார்களே, அதில் தண்ணீர் இல்லையா?’ என்று வகுப்பில் தவறாமல் யாராவது கேட்பார்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. சர்க்கரை டப்பாவில் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும்? சர்க்கரை கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதே சர்க்கரையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும், கட்டிக்கு வழியே இல்லை. சாக்லேட்டிலும் கொழுப்புக்குள் நுணுக்கமான சர்க்கரைத் துகள்கள்தான் மிதக்கின்றன. ஈரம் கொஞ்சமாக இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தாராளமாக இருந்தால் கரையும். அதனால் தப்பித் தவறி ஈரம் பட்டு இறுகிவிட்டால் குப்பையில் கொட்டாதீர்கள். வெதுவெதுப்பான க்ரீமை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கினால் மறுபடி வழவழவென்று வரும். ஆனால் ஒன்று: அது இனி கனாஷ், அதாவது சாஸ். சலாமேயாக இறுகாது. க்ரீம் ஊற்றிச் செய்த சலாமே வில்லை போட வராததற்கும் இதுதான் காரணம். மாம்பழ ஆசைக்கு இந்த சாஸைப் பழத்துண்டுகள் மேல் ஊற்றிக் கொடுங்கள், பிள்ளைகள் வழித்துச் சாப்பிடுவார்கள்.

இனி மே மாதத்துக்கான அளவு. வெள்ளை சாக்லேட் 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், மேரி பிஸ்கட் 150 கிராம், பிஸ்தா 60 கிராம், உலர்ந்த கிரான்பெர்ரியும் ஆப்ரிகாட்டும் சேர்த்து 80 கிராம். இருக்கிற இனிப்பைக் கொஞ்சம் அடக்க ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோலைத் துருவிப் போடுங்கள், ஒரு சிட்டிகை உப்பும். பிஸ்தாவை வெறும் வாணலியில் லேசாக வறுத்து, சுத்தமாக ஆற விடுங்கள். பிஸ்கட்டைக் கையால் சுண்டைக்காய் அளவுக்கு உடையுங்கள். மிக்ஸியில் போட்டால் தூளாகி சாக்லேட்டையெல்லாம் குடித்துவிடும், உருளை உதிரும்.

மைக்ரோவேவை மறந்துவிடுங்கள். வெள்ளை சாக்லேட்டில் பாலும் சர்க்கரையும் அதிகம், சட்டென்று அடிப்பிடிக்கும். 50 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து; எண்ணெய் பிரிந்ததும் அதனால்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, மேலே சாக்லேட் பாத்திரத்தை வையுங்கள். பாத்திரத்தின் அடி தண்ணீரில் படக் கூடாது, ஆவியும் உள்ளே போகக் கூடாது. முக்கால்வாசி உருகியதும் இறக்கி, மீதியை அந்தச் சூட்டிலேயே கலக்கிக் கரையுங்கள். துளி எடுத்துக் கீழுதட்டில் வைத்தால் சுடக் கூடாது. அப்புறம் மிருதுவான வெண்ணெய், கடைசியில் மற்றதெல்லாம்.

உடனே உருட்டாதீர்கள். கேசரி பதத்துக்குக் கெட்டியாகும் வரை பொறுத்து, பட்டர் பேப்பரில் கொட்டி, இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையையும் மிட்டாய்த்தாள் போல முறுக்குங்கள். ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம். மல்லிப்பூவும் இட்லி மாவும் இருக்கிற ஃப்ரிட்ஜ் என்றால் மூடி போட்ட டப்பாவுக்குள் வையுங்கள். கோகோ பட்டர் வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும். மல்லிப்பூ மணக்கும் சலாமேயை நான் சாப்பிட்டிருக்கிறேன், பரிந்துரைக்க மாட்டேன். வெளியே எடுத்து ஐந்து நிமிஷம் கழித்து, பிரெட் வெட்டும் பல் கத்தியால் அறுப்பது போல ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாகப் போடுங்கள்.

கோகோ பட்டர் கிட்டத்தட்ட 34 டிகிரியில் உருகிவிடும். மே மாத ஈரோட்டில் அதைப் பிறந்தநாள் மேஜையில் கேக்குக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைக்க முடியாது. மெழுகுவர்த்தி ஊதி, பாட்டுப் பாடி, போட்டோவெல்லாம் எடுத்து முடித்த பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள்.

இப்போது ஃப்ரிட்ஜில் இருக்கும் அந்தக் களியைத் தூக்கிப் போட வேண்டாம். ஃப்ரீசரில் வைத்து, கல் மாதிரி ஆனதும் உடைத்து, வெனிலா ஐஸ்க்ரீம் மேல் தூவுங்கள்.