மின்னணுவியல் கேள்வி பதில்: நிறமாலையில் முளைக்கும் முட்கள்

கேள்வி: நாங்கள் பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள். 14 பிட் திறனும் விநாடிக்கு 10 கோடி மாதிரிகள் எடுக்கும் வேகமும் கொண்ட ஏ.டி.சி. (அனலாக் சிக்னலை எண்களாக மாற்றும்) சிப் ஒன்றை வைத்து ஒரு பலகை செய்தோம். 21 மெகா ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று காட்டும் நிறமாலையில் 42, 37 மெகா ஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் முட்கள் எழுகின்றன. 42-இல் இருப்பது மூல அலையைவிட 52 டெசிபெல்தான் கீழே உள்ளது. டேட்டா ஷீட்டிலோ இந்த இடைவெளி 85 டெசிபெல் என்று போட்டிருக்கிறது. சிப் பழுதா?
– மாணவர்கள், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: சிப்பைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். 42 என்பது 21-இன் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அதன் இரண்டு மடங்கில் எழும் துணை அலை. மூன்றாவது 63-இல் வந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதியான 50 மெகா ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் தன் இடத்தில் தெரியாது என்பதால், அது 100-இல் 63 போக மீதியான 37-இல் மடிந்து விழுந்திருக்கிறது. ஆக இரண்டும் அலையின் வடிவம் கெடும் உருக்குலைவின் பிள்ளைகளே. பெற்றது யார் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் முதல் சந்தேகம் உங்கள் சிக்னல் ஜெனரேட்டர் மீது. கல்லூரி ஆய்வகங்களில் உள்ள பல ஜெனரேட்டர்களின் சொந்த ஹார்மோனிக்குகளே மூல அலைக்கு 30, 40 டெசிபெல் கீழேதான் இருக்கும். அந்த அழுக்கை உங்கள் ஏ.டி.சி. உள்ளது உள்ளபடி காட்டினால் அது அதன் குற்றமாகாது. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பலகையின் உள்ளீட்டில் சிக்னலை 3 டெசிபெல் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். மூல அலையும் முட்களும் ஒன்றுபோல 3 டெசிபெல் இறங்கினால் அழுக்கு வெளியிலிருந்து வருகிறது. இரண்டாம் ஹார்மோனிக் 6, மூன்றாம் ஹார்மோனிக் 9 என்ற அளவில் இறங்கினால் கோளாறு பலகைக்குள் இருக்கிறது. ஜெனரேட்டர்தான் காரணம் என்றால் 21 மெகா ஹெர்ட்ஸை மட்டும் விடும் வடிகட்டி ஒன்றை இடையில் வைத்தால் போதும். அந்த வடிகட்டியின் சுருளுக்கு ஃபெர்ரைட் உள்ளகம் போட்டுவிடாதீர்கள். அலை பெரிதானால் அதுவே ஹார்மோனிக்கை உண்டாக்கும்.

கோளாறு உள்ளே என்று தெரிந்தால், இரண்டாம் ஹார்மோனிக்குக்குச் சமச்சீரின்மையைத் தேடுங்கள். வேகமான ஏ.டி.சி.களுக்கு ஒரே சிக்னலை நேர், எதிர் என இரு கம்பிகளில் கொடுப்பது காவடி தூக்குவது போன்றது: இரு பக்கமும் ஒரே எடையில் தொங்கினால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், ஒரு பக்கம் தாழ்ந்தால் மிச்சம் வெளியே தெரியும். ஒற்றைக் கம்பிச் சிக்னலை இரண்டாக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மரிலேயே இந்தத் தாழ்வு தொடங்கிவிடுவதுண்டு. அதிர்வெண் ஏற ஏற அது கூடும். அடுத்தடுத்து இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களைத் தொடராக வைத்தால் சமநிலை வெகுவாகத் திரும்பும். பலகையில் அந்த இரு கம்பிகளாக ஓடும் செப்புத் தடங்களின் நீளமும் வளைவும் ஒத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதுக்கு வேறு காரணம் தேட வேண்டும். சிப்புக்குள் மாதிரியைப் பிடித்துவைக்கும் கெபாசிட்டர் ஒவ்வொரு முறை இணையும்போதும் உள்ளீட்டுக் கம்பியை ஓர் உதை உதைக்கிறது. உங்கள் வேகத்தில் ஒரு சுற்றுக்கு 10 நானோ விநாடி. அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 5 நானோ விநாடிக்குள் அந்த உதையின் அதிர்வு அடங்கியாக வேண்டும். அடங்காத மிச்சம் சிக்னலின் அளவைப் பொறுத்து மாறுவதால் ஹார்மோனிக்காக வெளிவருகிறது. சிப்பின் கால்களை ஒட்டியே ஒவ்வொரு கம்பியிலும் 10 முதல் 33 ஓம் வரையிலான ரெசிஸ்டர் ஒன்றையும், கம்பிகளுக்கு இடையே சில பிகோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றையும் வைத்து, மதிப்புகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். அந்தக் கெபாசிட்டர் சி0ஜி வகையாக இருக்கட்டும். கையில் கிடைத்த எக்ஸ்7ஆர் வகையை வைத்தால், மின்னழுத்தத்துக்கு ஏற்ப அதன் கொள்ளளவு மாறும். கூலி கொடுத்து உருக்குலைவை வாங்கியதாக ஆகும். சிக்னலை முழு அளவுக்கு ஏற்றாமல் 1 டெசிபெல் குறைவாக நிறுத்திச் சோதிப்பதும் நல்லது.

கேள்வி: எங்கள் ஏ.டி.சி. பலகையில் 5 மெகா ஹெர்ட்ஸ் சிக்னல் தெளிவாக வருகிறது, 70 மெகா ஹெர்ட்ஸ் கொடுத்தால் இரைச்சல் தளம் முழுவதும் மேலே எழும்புகிறது. மாதிரி எடுக்கும் நேரத்தைத் தட்டும் க்ளாக்கை, எஃப்.பி.ஜி.ஏ. என்ற நிரலிட்டு அமைக்கும் டிஜிட்டல் சிப்பிலிருந்து எடுத்திருக்கிறோம்.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கேள்வியின் கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. ஒரு மாலை நேரம் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில், நீருக்குள் நட்ட கழியில் அலையின் உயரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அலை உச்சியில் இருக்கும்போது கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தாலும் அளவு பெரிதாக மாறாது. அது செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும்போது அதே தாமதம் முழம் கணக்கில் பிழை தரும். அதிர்வெண் கூடினால் ஏற்றமும் செங்குத்தாகிறது. க்ளாக்கின் தடுமாற்றமான ஜிட்டர் அதுவரை ஒளிந்திருந்து, அப்போது பிழையாக வெளிப்படுகிறது.

கணக்காகவே சொல்கிறேன். 10 பிகோ விநாடி ஜிட்டர் உள்ள க்ளாக், 5 மெகா ஹெர்ட்ஸில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையே ஏறத்தாழ 70 டெசிபெல் விடும்; 70 மெகா ஹெர்ட்ஸில் 47 மட்டுமே விடும். அப்போது சிப் 14 பிட்டாக இருந்தாலும் அதில் ஏழரை பிட் அளவுதான் உழைக்கிறது. ஜிட்டரை 1 பிகோ விநாடியாக்கினால் அது 67 டெசிபெலாக உயரும். எஃப்.பி.ஜி.ஏ.வின் உள்ளே ஆயிரக்கணக்கான லாஜிக் கேட்டுகள் ஒரே மின்வழங்கலைப் பகிர்ந்துகொண்டு ஒரே சமயத்தில் மாறுவதால், அதன் வழியே வரும் க்ளாக் நடுங்காமல் வருவது அரிது. நல்ல கிரிஸ்டல் ஆஸிலேட்டர் ஒன்றிலிருந்து க்ளாக்கை நேரே ஏ.டி.சி.க்குக் கொடுத்து, அங்கிருந்து எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு அனுப்புங்கள், இப்போது நீங்கள் செய்திருப்பது தலைகீழ். க்ளாக்கின் விளிம்பும் செங்குத்தாக இருக்கட்டும். மெதுவாக ஏறும் விளிம்பில் சிறு இரைச்சலும் நேரப் பிழையாகிவிடும்.

கேள்வி: பலகையில் மின்னோட்டம் திரும்பிப் போகும் பொதுத் தளமான கிரவுண்டை அனலாக், டிஜிட்டல் என இரண்டாகப் பிளக்க வேண்டுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பெரும்பாலும் வேண்டாம். பிளவின் குறுக்கே ஒரு தடம் போய்விட்டால் திரும்பும் மின்னோட்டம் ஊரைச் சுற்றி வரும். ஒரே முழுத் தளமாக விட்டு, டிஜிட்டல் பகுதியை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். டிஜிட்டல் வெளியீட்டுக் கால்களில் சிறு ரெசிஸ்டர்களைத் தொடராக வையுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறை கடற்கரைக்கு அருகில் உள்ளது. உப்புக் காற்றும் உருக்குலைவுக்குக் காரணமாகுமா?
– வாசகர், குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: ஆகும், நானே பட்டிருக்கிறேன். கடலோரம் இருந்த ஓர் ஆய்வகத்தில் மூன்று நாள் இரண்டாம் ஹார்மோனிக்கைத் துரத்தி, டிரான்ஸ்ஃபார்மரைக்கூட மாற்றிவிட்டு, நான்காம் நாள் தற்செயலாகக் கேபிளை அசைத்தபோது திரையில் அந்த முள் எட்டு டெசிபெல் ஆடியது. பி.என்.சி. இணைப்பியைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பூப்பு. இரு உலோகங்களுக்கு நடுவே படரும் அந்தப் படலம் மின்னோட்டத்தைச் சீராக விடாமல், ஓரளவு டையோடு போல நடந்துகொள்ளும். தங்க முலாம் பூசிய எஸ்.எம்.ஏ. இணைப்பிகளை வாங்குங்கள், பயன்படுத்தாதபோது மூடி போட்டு வையுங்கள், எந்தச் சோதனைக்கும் முன்னால் கேபிளை ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.