காலி மனையில் புதர் மண்டியிருப்பதாக நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

கேட்டவர் இருப்பது வெளிநாட்டில், மனை இருப்பது கும்பகோணத்தில். பாம்பு வருகிறது, கொசு தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்க, மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. சுத்தம் செய்தே ஆக வேண்டுமா என்கிறார்.

ஆமாம், செய்தே ஆக வேண்டும். இன்னும் வீடு கட்டவில்லை என்பது காரணமாகாது. 1939ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் உடல்நலத்துக்குக் கேடாக ஓர் இடம் கிடந்தால், சரிசெய்யச் சொல்லி உரிமையாளருக்கு அறிவிப்பு கொடுக்கலாம். கேட்காவிட்டால் உள்ளாட்சியே ஆள் வைத்துச் செய்துவிட்டுச் செலவை உங்களிடம் வாங்கலாம். புதருக்குள் வேலியில்லாத பழைய கிணறு தெருவை ஒட்டி இருந்தால் அதை முதலில் மூடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில், அதற்கு வேலி போடச் சொல்லிக் கோட்டாட்சியரே உத்தரவு போட முடியும்.

நோட்டீஸை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வெட்டியதை எங்கே போடப் போகிறீர்கள்? காவிரி டெல்டாவில் பல மனைகள் வயலாக இருந்தவை. பக்கத்திலேயே வாய்க்கால் ஓடும். ஜேசிபிக்காரர் அவசரத்தில் எல்லாவற்றையும் அதில் தள்ளிவிட்டுப் போவார். தயவுசெய்து விடாதீர்கள். நெய்வேலிக் காட்டாமணக்கின் தண்டு ஒரு துண்டு ஈரத்தில் கிடந்தால் போதும், அங்கேயே வேர்விட்டுக் கிளம்பும். அப்புறம் ஆகாயத்தாமரையும் வந்து சேர்ந்தால் தண்ணீர் நகராது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தாலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அதே அடைப்பு உங்கள் தெருவுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்து விடும். வெட்டிய தண்டுகளை மனையின் மேட்டுப் பகுதியில் போட்டு நன்றாகக் காயவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். தெருவோரம் குவித்துக் கொளுத்தவும் கூடாது.

சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டினால் வீண், மறுபடி தழைக்கும். தூரோடு தோண்ட வேண்டும். விறகுக்காகக் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பேசினால் வெட்டுக் கூலி குறையும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் ஆட்களை இறக்காதீர்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். எல்லை தாண்டி வாய்க்கால் கரையில் நிற்பதை வெட்ட வேண்டுமானால் முதலில் விஏஓவிடம் கேளுங்கள், அது புறம்போக்காக இருக்கலாம்.

வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது நோட்டீஸ் எண்ணைக் குறிப்பிட்டு, வெட்டும் முன்பும் பின்பும் எடுத்த படங்களை இணைத்து, அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவரிடம், கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.