உள்ளங்கை அளவு வெற்றிடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு வாசற்கதவைத் திறந்தவுடன் நான்கடிக்கு ஐந்தடியில் ஒரு சின்ன நடை இருக்கிறது. அப்பா காலத்துச் சிவப்புச் சிமெண்ட் தரை, இப்போது விரிசல் விட்டுப் பொரிந்து கிடக்கிறது. டைல்ஸ் போட நினைக்கிறேன். கொத்தனார்களை நம்ப முடியவில்லை. ஒரு நாள் வேலையை மூன்று நாளாக்கிக் கூலி வாங்குகிறார்கள். அதனால் காணொளிகளைப் பார்த்து நானே பதிக்கப் போகிறேன். பழைய தரையின் மேலேயே ஒட்டிவிடலாமா? என்ன நிறம் பொருந்தும்? கைவேலை பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

நீங்களே செய்வது என்று முடிவெடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி. மண்டியிட்டு உட்கார்ந்து சொந்த வீட்டின் தரையைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். தயங்காமல் செய்யுங்கள். இருபது சதுர அடிதான், உங்களால் முடியும்.

நிறத்தை வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். வழவழப்பான டைல்ஸ் மட்டும் வேண்டாம். மழைநாளில் ஈரக்காலோடு முதலில் மிதிக்கும் இடம் அது. ஓரடிக்கு ஓரடி டைல்ஸ் வாங்கினால் வெட்டும் வேலை அநேகமாக இருக்காது. இருபது போதும், உடைந்தால் மாற்றுவதற்கு மூன்று நான்கு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் கொத்தனார்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதே சொல்லை ஒருநாள் என் வீட்டிலேயே கேட்டவன் நான்.

1986-இல் எங்கள் வீட்டு முன்னறைக்கு மொசைக் கல் பதித்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த வயதான கொத்தனார். நான் பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காலை அவர் கலவை குழைக்கவில்லை. மடியிலிருந்து ஓர் எட்டணா நாணயத்தை எடுத்து, முந்தைய நாள் பதித்த ஒவ்வொரு கல்லையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டினார். எல்லாக் கல்லும் ‘டக்’ என்றது. சுவரோரம் ஒன்று மட்டும் ‘டொப்’ என்றது. மறுபடி தட்டினார். பிறகு உளியை எடுத்து அந்தக் கல்லை உடைத்தே எடுத்துவிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து, “கூலிக்காக நாட்களை நீட்டுகிறார்” என்றார். அது அவர் காதில் விழுந்தது. நிமிரவே இல்லை. உடைந்த துண்டொன்றைத் திருப்பி என்னிடம் காட்டினார். பின்பக்கம் முழுக்கக் கலவை ஒட்டியிருந்தது, ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெறும் கல். என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். “கல் இங்கேதான் உடையும் தம்பி” என்றார்.

கணக்குத் தீர்க்கும்போது அரை நாள் கூலியை அவரே கழித்துக்கொண்டார். அம்மா பேசாமல் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தார்.

கே., எல்லாக் கொத்தனாரும் அப்படி இல்லை என்பீர்கள். சரிதான். ஆனால் ஒரே நாளில் முடித்துக்கொடு என்று நெருக்கியது யார்? இன்று டைல்ஸின் முதுகில் ஐந்து இடத்தில் கலவையை உருண்டையாக அப்பி, அழுத்தி, மட்டம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். மூலையெல்லாம் உள்ளே பொள்ளல். நீங்கள் பார்த்த காணொளிகளிலும் பாதி அப்படித்தான் இருக்கும். மற்ற அறையில் அது பல வருடம் தாங்கலாம். வாசல் நடையில் தாங்காது. சமையல் எரிவாயு சிலிண்டர் எப்படி உள்ளே வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய முப்பது. அந்த எடை முழுவதும் சாய்ந்த ஒரு விளிம்பில் நின்று உருண்டு வருகிறது. பொள்ளல் மூலையில் அது ஏறினால் அன்றைக்கே விரிசல்.

அதனால் பழைய தரையின்மேல் அப்படியே ஒட்டாதீர்கள். முதலில் அதை நாணயத்தால் தட்டுங்கள். ‘டொப்’ என்கிற இடத்தையெல்லாம் கொத்தி எடுத்துப் புதுக்கலவை போட்டு இறுகவிடுங்கள். மிச்ச இடத்தையும் நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும். இத்தனை ஆண்டு மெழுகும் எண்ணெயும் குடித்த வழவழப்பில் எந்தப் பசையும் பிடிக்காது. கதவு உள்பக்கம் திறந்தால், அதன் அடியில் ஒன்றரை சென்டிமீட்டராவது இடம் இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

விட்ரிஃபைடு டைல்ஸ், அதாவது அதிக வெப்பத்தில் சுட்டுக் கண்ணாடி போல இறுக்கிய டைல்ஸ், தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, அரை சதவீதத்துக்கும் குறைவு. வெறும் சிமெண்ட் கலவை அதை இறுகப் பிடிக்காது. டைல்ஸ் பசை 20 கிலோ மூட்டை ஒன்று வாங்குங்கள். அரை மணி நேரத்துக்குள் தீர்கிற அளவுக்கு மட்டும் குழையுங்கள். பல் வைத்த கொத்துக் கரண்டியால் பசையைத் தரையில் ஒரே திசையில் சீவி, டைல்ஸை வைத்து, அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக லேசாக அசைத்து அழுத்துங்கள். முதல் டைல்ஸை அழுத்தியதும் உடனே பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். எங்காவது வெறுமையாகத் தெரிந்தால் பசை போதவில்லை. நான்கைந்துக்கு ஒன்றை இப்படிப் பெயர்த்துப் பாருங்கள். கை வலிக்கும், எரிச்சல் வரும். இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

இணைப்புகளை ஒரு நாள் கழித்து அடைத்தால் போதும். இரண்டு மூன்று நாள் யாரும் அங்கே பாரம் ஏற்ற வேண்டாம். அதற்குள் சிலிண்டர் வந்துவிட்டால், கொண்டுவருபவரிடம் சொல்லித் திண்ணையிலேயே இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.