பட்டாளத்துக்குப் போனால் படிப்பு நின்றுவிடுமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

பிளஸ் ஒன் காமர்ஸ் படிக்கும் மகன் ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான (என்.டி.ஏ.) தேர்வு எழுதப் போகிறேன் என்கிறான், நன்றாகப் படிக்கிற பிள்ளையை அங்கே அனுப்பினால் படிப்பு வீணாகிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ராணுவ அதிகாரியின் வேலையில் படிப்பு நிற்பதே இல்லை.

செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை கிறித்தவக் கல்லூரிப் படிப்பை முடிக்காமலே ராணுவத்தில் சேர்ந்து, 1946இல் மகர் படைப்பிரிவில் அதிகாரியானவர். அதன் பிறகுதான் அவருடைய படிப்பு சூடுபிடித்தது. வெலிங்டன் பணியாளர் கல்லூரியில் படித்தார், அமெரிக்க ராணுவக் கல்லூரியில் படித்தார். காங்கோவில் ஐ.நா. படையில் பணியாற்றினார். காலாட்படையிலிருந்து வந்து, டாங்கிகள் கொண்ட கவசப் படை டிவிஷன் ஒன்றுக்கே தளபதியானார். வீரர்கள் கவச வண்டியில் போய்ப் போரிடும் இயந்திரக் காலாட்படை 1979இல் தனிப் படைப்பிரிவாக உருவானதில் அவருடைய பங்கு பெரியது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் போர்க் கல்லூரிக்குத் தலைமை வகித்த காலம். எதிரி நாட்டிடம் அணு ஆயுதம் இருந்து நம்மிடம் இல்லாவிட்டால் வழக்கமான போர் எப்படி மாறும் என்ற கேள்வியை எடுத்து, தபால் வழியாகவே ஒரு கருத்தரங்கு நடத்தினார். கட்டுரையை அனுப்புவார், மற்றவர்கள் எழுதி அனுப்பும் பதில்களைத் தொகுப்பார். 1981இல் அந்தத் தொகுப்பு வெளிவந்தது. இந்தியா 1998இல் அணு குண்டுச் சோதனைகளை நடத்தியபோது நடந்த விவாதங்களுக்கெல்லாம் முன்னோடி அது.

1986 முதல் 1988 வரை தரைப்படைத் தளபதி. அவருடைய வாழ்க்கையை வெறும் வெற்றிக் கதையாக மகனிடம் சொல்லிவிடாதீர்கள். 1984 பொற்கோயில் நடவடிக்கையின்போது மேற்குக் கட்டளைத் தளபதி அவர். ராஜஸ்தானில் அவர் நடத்திய பிராஸ்டாக்ஸ் என்ற போர்ப் பயிற்சி 1987 தொடக்கத்தில் பாகிஸ்தானுடன் போர் மூளும் நிலைக்குக் கொண்டுபோனது. அவர் தளபதியாக இருந்தபோதுதான் அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் இறந்தார்கள், ஈழத் தமிழ் மக்கள் பெருந்துயர் பட்டார்கள். ஓர் அதிகாரியின் முடிவுக்கு எவ்வளவு எடை என்பது இந்த வேலைக்குப் போகும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். என்.டி.ஏ.வில் தரைப்படைப் பிரிவுக்கு எந்த குரூப் மாணவரும் விண்ணப்பிக்கலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும்தான் இயற்பியல், வேதியியல், கணிதம் கேட்பார்கள். ஆனால் எல்லாருமே 300 மதிப்பெண் கணிதத் தாள் எழுதியாக வேண்டும். மகன் கணிதம் இல்லாத காமர்ஸ் என்றால் இப்போதே தனியாகப் படிக்கத் தொடங்க வேண்டும். பொதுத்திறன் தாள் 600. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும், அதனால் தினமும் ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கட்டும். எழுத்துத் தேர்வைத் தாண்டினால் எஸ்.எஸ்.பி. எனும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணல், சுமார் ஐந்து நாள், அதற்கு 900 மதிப்பெண். மனப்பாடம் அங்கே உதவாது. தேர்வானால் புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அகாடமியில் மூன்று ஆண்டு. பட்டத்தோடுதான் வெளியே வருவான். அப்புறம் தரைப்படைக்கு டேராடூன் ராணுவ அகாடமியில் ஓராண்டுப் பயிற்சி.

இது கிடைக்காவிட்டாலும் கதவு மூடாது. பி.காம். முடித்து, பட்டதாரிகளுக்கான ராணுவ அதிகாரித் தேர்வான சி.டி.எஸ். எழுதலாம். அந்த வழியில் பயிற்சி தரும் அகாடமி ஒன்று சென்னை பரங்கிமலையிலேயே இருக்கிறது.

இந்த விடுமுறையில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டி, பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் சோதித்துவிடுங்கள். பிள்ளைகள் பலர் மருத்துவப் பரிசோதனையில்தான் முதல்முறையாகக் குறையைத் தெரிந்துகொள்கிறார்கள்.